கை கட்டி நிக்கக் கத்துக்கிட்ட லீடிங் ஃபயர்மேன்: வடசென்னை தீயணைப்பு நிலையம் ஒண்ணுல நடந்த நிகழ்வு ஆய்வு

இது யாரைப் பத்தி

வடசென்னையில ஒரு தீயணைப்பு நிலையத்துல முன்னணி தீயணைப்போரா இருக்கிற ஒருத்தரோட ரெண்டு வருஷக் கதை இது. டிபார்ட்மென்ட்ல நாங்க லீடிங் ஃபயர்மேன்னு சொல்லுவோம். ஆரம்பிக்கும்போது அவருக்கு வயசு 38, சர்வீஸ் 14 வருஷம். வியாசர்பாடியில பொறந்து வளர்ந்தவரு, அந்த ஏரியா பசங்க மாதிரியே சின்ன வயசுல ஃபுட்பால் வெறியன், பார்வர்டுல ஆடுவாரு. நான் நிலைய அலுவலரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், அவரு ஃபயர்மேனா சேர்ந்த புதுசுல என்கிட்டதான் மூணு வருஷம் வேலை பார்த்தாரு. அவர்கிட்ட கேட்டு அவரு சரின்னு சொன்னப்புறம்தான் எழுதுறேன், ஆளு யாரு நிலையம் எதுன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மட்டும் விட்டுட்டேன்.

யூனிஃபார்ம் வேலையில முன்னேற்றம்னா எல்லாருக்கும் தோள்ல ஏறுற ஸ்டார்தான் ஞாபகம் வரும். ஃபயர்மேன், லீடிங் ஃபயர்மேன், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர்னு ஏணி போகும். நடுவுல சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை எழுதி நேரடியா நிலைய அலுவலரா வர்ற 25 வயசுப் பசங்களும் இருப்பாங்க. 14 வருஷம் புகை குடிச்சவன் அந்தப் பசங்களுக்கு சல்யூட் அடிக்கணும், அது ஒரு தனி வலி, அதையும் மறைக்காம சொல்லிடுறேன், ஏன்னா இவரு பிளான் போட ஆரம்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

2023 மார்ச், அந்த ராத்திரி

வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் நடுவுல பழைய பிளாஸ்டிக் சேர்த்து வைக்கிற குடோன் ஒண்ணு, தகரக் கூரை, முன்னாடி ஒரு ஷட்டர், பின்னாடி தகரத்துல அடிச்ச சுவர், உள்ள ஆள் உயரத்துக்கு மேல கட்டு கட்டா பிளாஸ்டிக். ராத்திரி ஒண்ணரை மணிக்கு கால் வந்துச்சு, கால்னா உதவிக்கு வர்ற அழைப்பு. நிலைய அலுவலர் வேற ஒரு கால்ல இருந்தாரு, அதனால முதல் வண்டிக்கு இவருதான் பொறுப்பு.

வண்டி நின்னதும் இவரு பண்ண முதல் வேலை, ஒரு பையன் கையில இருந்த பிராஞ்ச்ச, அதாவது ஹோஸ் முனையில தண்ணி பீச்சுற குழாய, வாங்கிக்கிட்டு, புகைக்குள்ள மூச்சு விட முதுகுல மாட்டுற காத்து சிலிண்டர், முகமூடின்னு இருக்கிற பி.ஏ. செட் மாட்டிக்கிட்டு உள்ள போனது. பின்னாடியே ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் சர்வீஸ்ல ரெண்டாவது வருஷம்தான். எட்டு பத்து நிமிஷத்துல கட்டு சரிஞ்சு ஹோஸ் மேல விழுந்துருக்கு, அந்தப் பையன் ஹோஸ விட்டுட்டான், புகையில திசை தெரியல. உள்ள போய் இன்னும் கொஞ்ச நேரம் ஆனப்புறம் வெளிய பம்ப் பக்கத்துல நின்ன டிரைவருக்கு காத்து தீரப்போகுதுன்னு பி.ஏ. செட் அடிக்கிற விசில் சத்தம் கேட்டுருக்கு, ஆனா ஷட்டர் பக்கம் இல்ல, பின்பக்கத்துல இருந்து. டிரைவரும் பக்கத்து வீட்டு ஆளு ஒருத்தரும் கடப்பாறையால தகரத்த பேத்து அவன இழுத்துப் போட்டாங்க. கையில 11 தையல். அவ்வளவுதான் நடந்துச்சு, அதுக்கு மேல நடக்கல.

விடியறதுக்குள்ள இன்னும் மூணு வண்டி வந்து தீ அணைஞ்சிடுச்சு. ஏரியா ஆளுங்க கைதட்டுனாங்க, ஒரு லோக்கல் பிரமுகர் காலையில வந்து இவருக்கு பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துக்கிட்டாரு. யாரும் ஒரு கேள்வி கேக்கல. அந்தப் பையன் எவ்வளவு நேரம் உள்ள இருந்தான்னு இவருக்கே தெரியாது, உள்ள போன நேரத்த யாருமே எழுதலையே.

தீத்தொண்டு வாரம்

வருஷா வருஷம் ஏப்ரல் 14ல இருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 பம்பாய் விக்டோரியா டாக்ல பருத்தி மூட்டையும் வெடிமருந்தும் ஒண்ணா ஏத்தி வந்த கப்பல்ல தீப்பிடிச்சு, அணைக்கப் போனவங்க நிக்கும்போதே கப்பல் வெடிச்சு 66 தீயணைப்பு வீரர்கள் செத்தாங்க, அவங்க ஞாபகமா நடத்துறது. ஸ்கூல் ஸ்கூலா போய் டெமோ காட்டி, இந்தக் கதையச் சொல்லி, சிலிண்டர் தீய ஈரச் சாக்கால எப்படி மூடறதுன்னு காட்டி நோட்டீஸ் குடுப்போம். இவரு பத்து வருஷமா அந்தப் பேப்பர படிக்கிறவரு, மனப்பாடம். அந்த வருஷம் 66ன்னு சொன்ன இடத்துல தொண்டை அடைச்சிடுச்சாம், கூட வந்த ஆளு மைக்க வாங்கி முடிச்சிருக்காரு.

அன்னைக்கு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாரு. தண்டையார்பேட்டைல நான் இருக்கிற தெருவுல வண்டி நிறுத்த இடமில்லாம அரை மணி நேரம் சுத்திட்டு வந்தவரு, உக்காந்ததும் பையில இருந்து ஒரு நோட்ட எடுத்தாரு. "ஐயா, நான் அடுத்த அஞ்சு வருஷத்துக்கு பிளான் போட்டுருக்கேன், நீங்க பாத்து சொல்லணும்"ன்னாரு.

நோட்டுல இருந்தது: தபால் வழியில ஒரு டிகிரி, நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில ஏதாவது ஒரு கோர்ஸ், இங்கிலீஷ் பேசக் கத்துக்கறது, 8 கிலோ எடை குறைக்கறது, நிலைய அலுவலர் பதவி உயர்வுக்கு டிபார்ட்மென்ட் விதிகள படிக்கறது. எல்லாம் நல்ல விஷயம்தான், நான் ஒண்ணையும் தப்புன்னு சொல்லல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "இதுல எந்த வரி தம்பி அன்னைக்கு அந்தப் பையன பின்பக்கம் தகரத்த பேக்காம வெளிய கொண்டு வந்துருக்கும்?"

கோவம் வந்துடுச்சு. வச்ச டீய குடிக்காம கிளம்பிட்டாரு. அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி கேட்டுருக்கக் கூடாதுன்னு என் வீட்டம்மா அன்னைக்கே சொன்னாங்க. ஒம்போது நாள் கழிச்சு திரும்ப வந்தாரு, நோட்டுல அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிருந்தாரு, கிழிக்கல.

கவனிச்சது என்ன

முதல்ல பழைய கால் ஆறு எடுத்தோம், இவரு பொறுப்புல நடந்தது மட்டும். ஒவ்வொண்ணுலயும் முதல் பத்து நிமிஷம் எங்க நின்னாரு, யார் கையில பிராஞ்ச், வாக்கி டாக்கில கண்ட்ரோல் ரூமுக்கு எப்ப பேசினாரு, கட்டடத்த சுத்தி வந்தாரான்னு எழுதச் சொன்னேன். ஆறுல அஞ்சுல பிராஞ்ச் இவரு கையில. சுத்தி வந்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் முன் கதவு தெறக்கலன்றதால. அவரே எழுதி அவரே படிச்சிட்டு "இன்னாய்யா இது, கோல் கீப்பர் பந்த தூக்கினு எதிர் கோல் வரைக்கும் ஓடுன மாதிரி இருக்கு"ன்னு சொன்னாரு. ஃபுட்பால்காரருக்கு அது போதும், அதுக்கு மேல நான் விளக்க வேண்டியதா இல்ல.

ரெண்டாவது, கூட வேலை பாக்குறவங்க என்ன நினைக்கிறாங்கன்னு தெரியணும். நம்ம ஊர்ல இது லேசுப்பட்ட காரியம் இல்ல. "என்னைப் பத்தி சொல்லுங்கப்பா"ன்னு மேல இருக்கிறவரு கேட்டா "ஐயா சூப்பர் ஐயா"ன்னு மட்டும்தான் பதில் வரும். பேர் போடாம சீட்டு எழுதி டப்பாவுல போடச் சொல்லிப் பாத்தாரு, எட்டு பேருல மூணு சீட்டு வந்துச்சு, ஒண்ணுல "மெஸ்ஸுல சாம்பார் சரியில்லை"ன்னு எழுதியிருந்துச்சு, ஒருத்தர் கையெழுத்து இன்னொருத்தருக்குத் தெரியுமே அப்புறம் எவன் உண்மைய எழுதுவான்.

கடைசியில வாய தொறந்தது டிரைவர்தான். ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருஷம் இருக்கிற மனுஷன். தீயணைப்பு வண்டி டிரைவர் ஓட்டறதோட நிக்க மாட்டாரு, ஸ்பாட்டுல பம்ப்ப ஓட்டறதும் அவருதான், அதனால எல்லாரும் உள்ள ஓடும்போது வெளியவே நின்னு முழு இடத்தையும் பாக்குற ஒரே ஆளு. அவரு சொன்னத இவரு அப்படியே நோட்டுல எழுதி வச்சிருக்காரு: "நீ உள்ள பூந்துட்டா நான் யார கேக்குறது? வண்டில 4500 லிட்டர் தண்ணி, தீரப்போவுது, மெட்ரோ வாட்டர் லாரிய கூப்புடவா வேணாமா? பம்ப்ப பாப்பனா உன்ன தேடுவனா? அன்னிக்கு விசிலு கேட்டது எனக்கு. நீ கேட்டியா?"

மூணாவது அந்தப் பையன். கை தையல் பிரிச்சு வேலைக்கு வந்தப்புறம் ரொம்பத் தயங்கித்தான் சொல்லியிருக்கான், "நீங்க முன்னாடி போனீங்கய்யா, நான் உங்க டார்ச் வெளிச்சத்த மட்டும் பாத்துட்டே வந்தேன், திடீர்னு டார்ச் இல்ல." புகையில வெளிய வர வழி காட்டுறது ஹோஸ்தான், பையன் அத பிடிச்சுட்டு வர வேண்டியவன், ஆளோட வெளிச்சத்த பிடிச்சுட்டு வந்துருக்கான். அத கேட்டதும் எனக்கே வயிறு கலங்குச்சு.

எடுத்த முடிவுகளும் அதுக்கான காரணமும்

அஞ்சு வருஷ பிளான தள்ளி வச்சிட்டு மூணு மூணு மாசமா போகலாம்னு முடிவு, ஒரு மூணு மாசத்துக்கு ஒரு பழக்கத்துல முக்கியமா கவனம். டிகிரிக்கு பணம் கட்டறத அடுத்த வருஷத்துக்குத் தள்ளினாரு, ஏன்னா டியூட்டி முடிஞ்சு வந்து ரெண்டையும் சேத்து பண்ண முடியாது, ரெண்டும் அரைகுறையா போகும்.

முதல் பழக்கம், பொறுப்புல இருக்கும்போது பிராஞ்ச்ச தொடக்கூடாது, இறங்கினதும் கட்டடத்த ஒரு சுத்து சுத்தி வரணும். இதுக்கு நான் சொன்ன காரணம் கொடுங்கையூர். 2017 ஜூலைல அங்க மூடியிருந்த பேக்கரியில தீ, ஷட்டர தெறக்கும்போது உள்ள சிலிண்டர் வெடிச்சு ஒரு தீயணைப்பு வீரர் செத்தாரு, வேடிக்கை பாக்க நின்ன ஜனம் எக்கச்சக்கமா வெந்து போச்சு. அதுக்கப்புறம் வடசென்னையில மூடின ஷட்டர்னா எங்க ஆளுங்களுக்கு ஒரு நடுக்கம் இருக்கு. ஷட்டர தெறக்க ஒருத்தன் போதும், ஆனா தெறக்கலாமா, பின்னாடி வழி இருக்கா, கூட்டத்த எவ்வளவு தூரம் தள்ளணும், சிலிண்டர் இருக்கான்னு கடைக்காரன புடிச்சு கேக்க ஒரு ஆளு கை காலியா நிக்கணும்.

ரெண்டாவது, ஸ்லேட். உள்ள போறவன் பேரு, காத்து சிலிண்டர்ல அழுத்தம் எத்தனை பார், போன நேரம், இத டிரைவர் பக்கத்துல நிக்கிற ஒருத்தன் எழுதணும். கணக்கு சிம்பிள்தான், ஆனா பல பேரு போட்டுப் பாக்க மாட்டாங்க. 6 லிட்டர் சிலிண்டர்ல 300 பார்னா 1800 லிட்டர் காத்து. நிமிஷத்துக்கு 40 லிட்டர்னு வச்சா 45 நிமிஷம் வரும், அது பேப்பர் கணக்கு. ஹோஸ் இழுத்துக்கிட்டு பயத்துல மூச்சு வாங்குற சின்னப் பையன் 75 லிட்டர் இழுப்பான், 24 நிமிஷத்துல காலி. விசில் அடிக்கிறது 55 பார் வாக்குல, அப்ப மிச்சம் 330 லிட்டர், அவன் மூச்சுக்கு நாலு நிமிஷம் சொச்சம். வந்த வழி மறந்தவனுக்கு நாலு நிமிஷம்ன்றது ஒண்ணுமே இல்ல. நிலையத்துல இதுக்குன்னு தனியா போர்டு எதுவும் இல்லாததால இவரு வீட்டுல இருந்து பொண்ணோட ஸ்லேட்ட தூக்கிட்டு வந்துட்டாரு.

மூணாவது, கால் முடிஞ்சு வந்து வண்டிய கழுவறதுக்கு முன்னாடி பத்து நிமிஷப் பேச்சு. சர்வீஸ் கம்மியா இருக்கிறவன் முதல்ல பேசணும், இவரு கடைசி. மேல இருக்கிறவரு முதல்ல வாய தொறந்துட்டா அப்புறம் எல்லாரும் அதுக்கு தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க.

நாலாவது, பாம்பு புடிக்கிற கால், கால்வாய்ல விழுந்த மாடு, கிணத்துல பூனை இந்த மாதிரி சின்ன காலுக்கெல்லாம் பொறுப்ப அடுத்த ஆளுகிட்ட குடுத்துட்டு இவரு சும்மா நிக்கணும். இங்க நான் ஒரு பழைய சம்பவத்தச் சொன்னேன். அமெரிக்காவுல மான் கல்ச்னு ஒரு பள்ளத்தாக்கு, 1949 ஆகஸ்ட் 5, காட்டுத்தீ துரத்துது, பொறுப்புல இருந்தவரு தன் முன்னாடி இருக்கிற புல்ல தானே கொளுத்தி அந்தக் கருகின இடத்துல படுங்கடான்னு கூப்பிட்டாரு. சரியான யோசனை, அவரு பிழைச்சாரு. ஆனா அந்த டீம் அவர்கூட அதிகம் பழகினது இல்ல, அப்படி ஒரு வித்தைய யாரும் பார்த்ததும் இல்ல, ஒருத்தனும் போய் படுக்கல, 13 பேரு செத்தாங்க. அவசரத்துல புதுசா ஒண்ணு சொன்னா கேக்கணும்னா, சும்மா இருக்கிற நாள்ல சின்ன சின்ன விஷயத்துல ஒருத்தர ஒருத்தர் கேட்டுப் பழகியிருக்கணும். பாம்பு கால் அதுக்கு நல்ல இடம்.

அஞ்சாவது, ஏரியாவ நடந்து பாக்கறது. கேரி கிளெய்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980கள்ல தீயணைப்பு அதிகாரிங்க எப்படி முடிவெடுக்கிறாங்கன்னு போய் கேட்டாரு. அவங்க ரெண்டு மூணு வழிய எடை போட்டு பாக்கறதே கொறைச்சல், இது முன்ன பார்த்த அந்த மாதிரின்னு மனசுல பட்டு அப்படியே இறங்குறாங்கன்னு கண்டுபிடிச்சாரு. அப்ப மனசுல எத்தனை மாதிரி இருக்குன்றதுதான் விஷயம். இவரு பார்த்தது பூரா குடிசை, வீடு, கடை, குப்பை மேடு. ஆனா நம்ம பக்கம் மணலியில பெட்ரோகெமிக்கல் கம்பெனிங்க, காசிமேட்டுல ஐஸ் ஃபேக்டரி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசை, ஒவ்வொண்ணும் வேற மாதிரி. மாசம் ரெண்டு இடம், டிரைவரையும் கூட்டிட்டு, வண்டி எந்தச் சந்துல நுழையும் எதுல மாட்டும், தண்ணி எங்க கிடைக்கும்னு பாக்கறதா எழுதினோம்.

ஆறாவதா நோட்டுல "குடும்பம்"னு ஒரு வார்த்தை மட்டும் இருந்துச்சு. அதுக்குக் கீழ அவரும் எதுவும் எழுதல, நானும் கேக்கல.

அடுத்த எட்டு மாசம்

முதல் தோல்வி மே மாசமே வந்துச்சு. ஒரு குடிசைப் பகுதியில தீ, ஒரு அம்மா உள்ள கொழந்த இருக்குன்னு கத்துது, இவரு பிராஞ்ச்ச புடுங்கிட்டு ஓடிட்டாரு. கொழந்த பக்கத்து வீட்டுல இருந்துச்சுன்றது அப்புறம்தான் தெரிஞ்சுது, சுத்தி நின்ன யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். திரும்பி வந்து பத்து நிமிஷப் பேச்சுல அந்த ரெண்டாவது வருஷப் பையனே "ஐயா, பிராஞ்ச்"னு மட்டும் சொல்லிட்டு தலைய குனிஞ்சிக்கிட்டான், எல்லாரும் சிரிச்சிட்டாங்க, இவரும் சிரிச்சிட்டாரு. என்னைக் கேட்டா அந்த நிலையத்துல ஏதோ மாறுதுன்னு தெரிஞ்சது அந்தச் சிரிப்புலதான்.

ஆனா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது வேற மாதிரி தெரிஞ்சுது. இவரு ரோட்டுல நின்னு வாக்கி டாக்கில பேசறத ஒருத்தன் செல்போன்ல வீடியோ எடுத்து "பசங்க சாவறானுங்க, ஆபீசர் கை கட்டினு நிக்கிறாரு பாரு"ன்னு சத்தம் போட்டான். அது பரவாயில்ல. மேல இருந்த ஒரு அதிகாரி கூப்பிட்டு "முன்னாடியெல்லாம் நல்லா வேலை செய்வ, இப்ப என்ன ஒதுங்கி நிக்கிற, பயமா?"ன்னு கேட்டுட்டாரு. அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன். நான் சொன்ன சமாதானம் எதுவும் அவருக்கு ஏறல. கைவேலையில பேர் வாங்கினவனுக்கு அந்தப் பேரு போறது சம்பளம் போற மாதிரி, இத நான் பிளான் போடும்போதே சொல்லி அவர தயார் பண்ணியிருக்கணும், விட்டுட்டேன்.

ஏரியா பாக்கறதும் மாசம் ரெண்டுன்னு எழுதினது மாசம் ஒண்ணு கூட ஆகல. எட்டு மாசத்துல அஞ்சு இடம் பாத்தாங்க. அதுல ஒரு தெருவுல ஒயர் தாழ்வா தொங்குறதால பெரிய வண்டி போகாதுன்னு டிரைவர் கண்டுபிடிச்சாரு.

2023 டிசம்பர்

மிக்ஜாம் புயல் மழை, டிசம்பர் 3, 4. வடசென்னை எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, பல தெருவுல நாள் கணக்கா தண்ணி வடியல, எண்ணூர், எர்ணாவூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் கலந்து வீட்டுக்குள்ள வந்துச்சு.

இவரு டீம் ஒரு ரப்பர் போட்டோட போச்சு. பழைய ஆளா இருந்தா முதல்ல தண்ணில குதிச்சிருப்பாரு. இந்தத் தடவை மெயின் ரோட்டுல மேடான ஒரு கடைத் திண்ணையில நின்னுக்கிட்டு அங்கன்வாடி டீச்சர தேடிப் பிடிச்சு வரச் சொல்லியிருக்காரு. எந்த வீட்டுல நிறைமாசம், எந்த வீட்டுல கைக்கொழந்தன்னு அந்த அம்மாவுக்கு விரல் நுனில இருக்கும். படுத்த படுக்கையா இருக்கிறவங்க, டயாலிசிஸ் போறவங்க யாருன்னு ரேஷன் கடைக்காரரு சொன்னாரு. அந்த லிஸ்ட் வரிசையிலதான் போட் போச்சு. காசிமேட்டுல இருந்து ஃபைபர் போட்டோட வந்த மீனவர் ஒருத்தரு "சார், அந்தச் சந்துல ட்ரான்ஸ்பார்மர் கீது, கரண்டு ஆஃப் பண்ட்டாங்களா கேட்டு சொல்லு, அப்பால போலாம்"னு நிறுத்தியிருக்காரு. இவரு கேட்டு கன்ஃபார்ம் பண்ணி, அதுக்கப்புறம் அந்த மீனவரையே முன்னாடி விட்டு வழி காட்டச் சொல்லி, தன் போட்ட பின்னாடி அனுப்பினாரு. யூனிஃபார்ம் போட்டவன் லுங்கி கட்டினவர் பின்னாடி போறதான்னு டீம்ல ஒருத்தனுக்கு முணுமுணுப்பு, சாயங்காலம் பத்து நிமிஷப் பேச்சுல அதையும் அவன் வெளிப்படையா சொன்னான்றதுதான் எனக்குப் பிடிச்சது.

அதே மாசம் 26ந் தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற பைப்ல அம்மோனியா லீக் ஆகி ஜனங்க மூச்சு முட்டி வீட்ட விட்டு ஓடினாங்க. இவருக்கு அன்னைக்கு அந்தப் பக்கம் டியூட்டி இல்ல. ஆனா மறுநாள் நோட்டுல அடுத்த மூணு மாசத்துக்கு எழுதியிருந்தத அடிச்சிட்டு "அம்மோனியா"ன்னு எழுதினாரு. காத்த விட லேசான வாயுன்னாலும் குளுந்து வெளிய வரும்போது ஈரத்தோட சேர்ந்து பனி மாதிரி தரையோட தவழும், தண்ணில நல்லா கரையும் அதனால தண்ணிய ஸ்ப்ரேவா அடிச்சு இறக்கலாம், ஆனா தேங்கிக் கிடக்கிற திரவம் மேல நேரா அடிச்சா இன்னும் வேகமா ஆவியாகும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம வண்டிய உள்ள விட்டா முதல்ல நாமதான் விழுவோம். இத டீமுக்கு பாடமா எடுக்கச் சொன்னது இவரு, எடுத்தது அந்த ரெண்டாவது வருஷப் பையன், அம்மோனியா வச்சு குளிர வைக்கிற ஐஸ் ஃபேக்டரிக்குப் போய் வால்வு எங்க இருக்குன்னு படம் வரைஞ்சிட்டு வந்து.

2024 ஜூன், இன்னொரு குடோன்

கிட்டத்தட்ட அதே மாதிரி குடோன், அதே பிளாஸ்டிக், இது பகல்ல. நிலைய அலுவலர் வர்ற வரைக்கும் இவரு பொறுப்பு. ஒரு சுத்து வந்தாரு, பின்பக்கத் தகரத்துல ரெண்டு இடத்துல வழி போடச் சொன்னாரு, கூட்டத்த தெருமுனை வரைக்கும் தள்ளச் சொன்னாரு, உள்ள யாரும் இல்லன்னு வாட்ச்மேன்கிட்ட ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு ரெண்டு பேரா நாலு பேரு உள்ள போனாங்க, ஸ்லேட்டுல நேரம் ஏறுச்சு.

14வது நிமிஷம், கூரையத் தாங்குற இரும்பு நடுவுல தொய்யுற மாதிரி இவருக்குப் பட்டுது. எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டாரு. உள்ள இருந்தவங்களுக்கு கோவம், "இன்னும் ரெண்டு நிமிஷம் குடுத்திருந்தா அடிச்சிருப்போம்யா." வெளிய இருந்தே தண்ணி அடிச்சாங்க. குடோன் பூரா எரிஞ்சு போச்சு.

கூரை விழல.

இதுதான் இந்த ஆய்வுல கஷ்டமான இடம். விழுந்திருந்தா இவரு ஹீரோ. விழாததால சொந்தக்காரரு "உள்ள போகாம வேடிக்கை பாத்தாங்க"ன்னு புகார் குடுத்தாரு, மேல இருந்து எழுத்துல விளக்கம் கேட்டாங்க. ஸ்லேட்ட டிரைவர் செல்போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தாரு, யாரு எப்ப உள்ள போனாங்க எப்ப வந்தாங்க எத்தனை பார் மிச்சம்னு அதுல இருந்துச்சு, கடைசியா வந்தவனுக்கு 110 பார். அத வச்சு ஒரு பக்கத்துல விளக்கம் எழுதினாரு. பாராட்டும் வரல, நடவடிக்கையும் வரல. அவர் எடுத்த முடிவு சரியான்னு என்னைக் கேட்டா சரின்னுதான் சொல்லுவேன். உள்ள ஆள் இல்ல, இருந்தது பிளாஸ்டிக், சூட்டுல தொய்யுற இரும்பு எப்ப விழும்னு எவனும் நேரம் சொல்ல முடியாது. ஆனா உள்ள இருந்த நாலு பேருல ஒருத்தரு இன்னைக்கும் அத ஒத்துக்கல, அவருக்கும் 20 வருஷ சர்வீஸ்.

இப்ப எங்க நிக்குது

இத எழுதும்போது அவரு இன்னும் லீடிங் ஃபயர்மேன்தான், பதவி உயர்வு வரல. டிகிரிக்கு 2024ல பணம் கட்டியாச்சு, முதல் வருஷத்துல ரெண்டு பேப்பர் போச்சு. எடை 8 கிலோ குறையணும்னு எழுதினது 3 குறைஞ்சு 2 ஏறிடுச்சு. அந்தப் பையனுக்கு வேற நிலையத்துக்கு டிரான்ஸ்பர் வந்துச்சு, அங்க போய் அவனா ஒரு ஸ்லேட் வாங்கி வச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். டீம்ல ரெண்டு பேரு சின்ன காலுக்கு தனியா பொறுப்பு எடுக்கிறாங்க, ஒருத்தரு சுத்தமா வேணாம்னுட்டாரு, "எனக்கு சொன்னத செஞ்சா போதும்ணே"ன்னு, அதுவும் அவர் இஷ்டம்தான்.

திரும்ப செஞ்சா என்ன மாத்துவேன்

டிரைவர்கிட்டதான் முதல்ல போயிருப்பேன். சீட்டு டப்பா அது இதுன்னு ஒரு மாசம் வீணாச்சு. எந்த நிலையத்துலயும் வெளிய நின்னு பாக்குற ஆளு ஒருத்தரு இருப்பாரு, அவர விட்டுட்டு உள்ள ஓடறவங்களையே கேட்டுக்கிட்டு இருந்தோம்.

மேல இருக்கிற அதிகாரிகிட்ட முன்னாடியே போய் "இனிமே நான் இப்படி நிக்கப் போறேன்யா, காரணம் இது"ன்னு சொல்ல வச்சிருப்பேன். இவரு பாட்டுக்கு தனியா மாறினாரு, பாக்குறவங்களுக்கு அது பயந்துட்ட மாதிரி தெரிஞ்சுது, அந்த ஒரு கேள்வியில மூணு மாசம் அவரு பின்னாடி போயிட்டாரு. ரெண்டாவது குடோன்ல வெளிய வரச் சொன்னதும் எல்லாருக்கும் முன்னாடியே பேசி வச்ச விதியா இருந்திருந்தா, உள்ள ஆள் இல்லன்னா இந்த அடையாளம் தெரிஞ்சா வெளியன்னு ட்ரில்லுலயே சொல்லியிருந்தா, அந்த நாலாவது ஆளுகூட மனஸ்தாபம் வந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

அப்புறம் அந்த ஆறாவது வரி. 2024 தீபாவளி சமயம் அவங்க வீட்டம்மா எனக்கு போன் பண்ணாங்க. தீபாவளிக்கு நம்ம ஆளுங்க யாருக்கும் லீவு கிடையாது, ராக்கெட் விழாத கூரை இல்ல அன்னைக்கு, அது அவங்களுக்கும் தெரியும். "லீவு நாள்லயும் நோட்ட வச்சிக்கினு உக்காந்துக்கினு கீறாருங்க, குடோன் பாக்கப் போறேன்னு கிளம்புறாரு, நீங்க சொன்னா கேப்பாரு"ன்னாங்க. அவர் தூக்கமில்லாம இருந்தது, மார்ச் ராத்திரி விசில் சத்தம் கனவுல வர்றது, அதெல்லாம் அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஒன்றரை வருஷம் பக்கத்துல உக்காந்து பிளான் போட்டவன் நான். மனநல டாக்டர் ஒருத்தர பாக்கச் சொல்லி ரெண்டு தடவை போனாரு, மூணாவது தடவை போகல, மறுபடியும் சொல்லிட்டு இருக்கேன். ஏரியா பாக்கறது இப்ப டியூட்டி நேரத்துல மட்டும், வீட்டு நாள்ல கிடையாதுன்னு நோட்டுல அவங்க கையெழுத்துலயே எழுதி வச்சிருக்காங்க.

ஸ்லேட் விஷயத்துலயும் ஒரு திருத்தம் இருக்கு. பல்பத்துல எழுதினா தண்ணி பட்டு அழிஞ்சிடுது, தீயணைக்கிற இடத்துல தண்ணி படாம எப்படி இருக்கும். இப்ப மெழுகு க்ரேயான்ல எழுதுறாங்க, அழியல. அதுவும் பொண்ணோட டப்பாவுல இருந்து எடுத்ததுதான், ஸ்லேட்ட திருப்பிக் குடுன்னு அது இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு.